குப்பைக்குப் போன தமிழ்க் கடிதம்

அத்தியாயம் 9

தோல் பதனிடும் டேனரியின் வாசலில் மாருதியை நிறுத்தியதும் ஹெப்சி கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டாள். ஆபித் பாஷா வைக்கவில்லை. ஆம்பூரில் பிறந்தவன் தோல் வாசனைக்கு மூக்கைப் பொத்தினால் ஊரே கூடிச் சிரிக்கும்.

"மேடம், வேலூர்ல ஆயுசு பூரா ஆஸ்பத்திரி வாசனைய தாங்குறீங்க. இதுக்குப் போய் கர்ச்சீப்பா?"

"அது பொழைக்க வெக்கிற வாசன. இது அப்படியில்ல. வாய மூடிட்டு வா."

ஆபித் பாஷா வாயை மூடுவதென்பது பாலாற்றில் தண்ணீர் வருவது மாதிரி. எப்போதாவது நடக்கும். சத்துவாச்சாரியில் ஹெப்சி நடத்திய விசாரணை நிலையத்தில் அவனுக்கு டிரைவர், டைப்பிஸ்ட், காப்பி வாங்கி வருபவன் என்று மூன்று உத்தியோகம். பேசுவது அவனாகவே எடுத்துக்கொண்ட நான்காவது உத்தியோகம். ஹெப்சி அதற்கு முன்பு ஒரு காலேஜில் கம்ப்யூட்டர் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவள். மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்கு முன்னால் ஒரு நிச்சயதார்த்தம் நின்றுபோனதா என்று விசாரித்துச் சொல்வதில்தான் இப்போது பிழைப்பு. இந்தக் கேஸ் அந்த ரகமில்லை. இதை எடுத்துக்கொண்ட நாளிலிருந்து அவளும் சரியாகச் சாப்பிடவில்லை, ஆபித்துக்கும் ஜோக்குகள் பாதியில் நின்றுபோயின.

போன வருடம், 2004 கடைசியில், இதே டேனரியின் கழிவுநீர்த் தொட்டியில் சேறு அள்ள இறங்கிய வாஹித் பாஷா என்ற இளைஞன் விஷவாயுவில் மயங்கி விழுந்தான். விஷயம் கேள்விப்பட்டு வீட்டிலிருந்து ஓடிவந்த தொட்டி சூப்பர்வைசர் ஜெர்சன், யார் தடுத்தும் கேட்காமல் அவனைத் தூக்க இறங்கினார். இரண்டு பேரின் உடலையும் சேர்த்துத்தான் மேலே எடுத்தார்கள்.

விசாரணையில் கம்பெனி ஒரே வரி சொன்னது. உள்ளே காற்று அடிக்கும் புளோயர் ஓடவில்லை என்று ஜெர்சன் யாருக்கும் தெரிவிக்கவில்லை, தெரிவித்திருந்தால் யாரையும் இறக்கியிருக்க மாட்டோம். அந்த ஒரு வரியில், தூக்கப் போனவரே பையனைக் கொன்றவர் ஆகிவிட்டார்.

ஜெர்சனின் மனைவி கிரேஸி, ஒரு ஸ்கூலில் தமிழ் டீச்சர். ஹெப்சியின் ஆபீசில் வந்து உட்கார்ந்து அழாமல்தான் பேசினாள். "மொதலாளிக்கு மெயில் போட்டுட்டேன், இனிமே பயமில்லன்னு சொன்னாரு மேடம். அன்னிக்கு நல்லா தூங்கினாரு. வீட்டுக் கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு, அதுல இருந்து எடுக்க முடியல. அந்த மெயில் வேணும். நஷ்ட ஈடு, கேஸ், அதெல்லாம் எனக்கு வேணாம். வாஹித்தோட அம்மா என்னப் பாத்தா கதவ சாத்திக்கிறாங்க. அவங்ககிட்ட போய் நிக்கணும். என் வீட்டுக்காரர் ஒங்க புள்ளைய சாவ விடலன்னு சொல்லணும். அவ்ளோதான்."

அன்று ஆபித் வாங்கி வந்த காப்பி மூன்று பேருக்கும் ஆறியே போனது.

*

முதலாளி ரஷீத் அஹமது வெள்ளை ஜிப்பாவும் சோர்ந்த கண்களுமாக உட்கார்ந்திருந்தார். கெட்ட மனிதர் மாதிரி தெரியவில்லை. அது ஆபித்துக்கு எரிச்சலாக இருந்தது. கெட்டவனாக இருந்துவிட்டால் வேலை சுலபம்.

"மேடம், நான் அப்ப இத்தாலில இருந்தேன், தோல் கண்காட்சிக்கு. வாயால சொன்னது எனக்குக் கணக்கு இல்ல, எதுவானாலும் எழுத்துல வரணும்னு சொல்லிட்டுதான் போனேன். ஆபீசுக்கு ஒரே மெயில் அட்ரஸ். வர்றத எல்லாம் யாசிர் பிரிண்ட் எடுத்து ட்ரேல வெப்பான். நான் ஊர்ல இல்லன்னா ஃபேக்ஸ் பண்ணுவான். ஜெர்சன் மெயில் வந்திருந்தா நான் படிச்சிருப்பேன். அல்லா சாட்சியா வரல."

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த யாசிர் தலையசைத்தான். முதலாளியின் அக்கா மகன். ஒடிசலாக, தூக்கம் கெட்டவன் போல இருந்தான்.

"அப்ப இருந்த மேனேஜர்?" என்றாள் ஹெப்சி.

"வேலைய விட்டுட்டு ஓசூர் போய்ட்டாரு. தன்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லலன்னு எழுதிக் குடுத்துட்டாரு" என்றார் ரஷீத் அஹமது.

ஹெப்சி ட்ரேக்களை ஆபித்திடம் தள்ளினாள். அவன் கட்டுக் கட்டாகப் புரட்டினான். ஜெர்சன் மாதாமாதம் அனுப்பிய இங்கிலீஷ் ரிப்போர்ட்டுகள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. விபத்துக்கு முந்தின வாரத்தில் அவர் பெயரில் ஒரு காகிதம்கூட இல்லை.

காகிதத்தில் கிடைக்காததால் அவன் கண் மேஜைக்கு அலைந்தது. கண்ணாடிக்கு அடியில் ஒரு விசிட்டிங் கார்டு. "இது யாரு சாயபு, கண்ணாடிக்குள்ள வெச்சு பூட்டி வெச்சிருக்கீங்க?"

"யோர்க். ஜெர்மனிக்காரன். ரொம்ப வருஷ தோஸ்த்து. என் பொண்ணு நிக்காஹ்வுக்கு வந்து தரையில உக்காந்து சாப்ட்டவன்." ரஷீத் அஹமதுவின் குரலில் மனத்தாங்கல் தெரிந்தது. "ரெண்டு வருஷமா ஒரு மெயில் இல்ல. அவனே போடட்டும்னு நானும் போடல. நம்ம மேல இன்னா கொற கண்டானோ."

ஹெப்சி குனிந்து கார்டைப் பார்த்தாள். யோர்க் என்ற பெயரில் இங்கிலீஷ் ஓ எழுத்தின் தலைமேல் இரண்டு புள்ளிகள். கொஞ்ச நேரம் அந்தப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆபித், ட்ரேல ஏதாவது வித்தியாசமா இருந்துச்சா?"

"வித்தியாசம்னா... எல்லாமே இங்கிலீஷ் மேடம். ரம்ஜான் வாழ்த்து இங்கிலீஷ், துக்கம் விசாரிச்சது இங்கிலீஷ். தெருவுல ஒருத்தன் இங்கிலீஷ் பேசி நான் கேட்டதில்ல. இந்த ஊர்ல ஒருத்தன்கூடவா உருதுலயோ தமிழ்லயோ மெயில் போட மாட்டான்?"

"போட்டிருப்பான். உள்ள வரல." ஹெப்சி நிமிர்ந்தாள். "புள்ளி வெச்ச ஜெர்மனிக்காரரும் வரல. தமிழும் வரல, உருதும் வரல. எல்லாத்துக்கும் வாசல்ல ஒரே வாட்ச்மேன் நிக்கிறான். யாசிர், அந்த வாட்ச்மேன வேலைக்கு வெச்சது யாரு?"

யாசிரின் முகம் வெளுத்தது. ஒரு முறை மாமாவைப் பார்த்துவிட்டுச் சொன்னான். "வைரஸ் வந்துச்சு மேடம். ஷிப்மெண்ட் பேப்பரெல்லாம் அழிஞ்சிபோச்சு. மாமு ரொம்ப பேஜாராயிட்டாரு. கன்னாபின்னான்னு எழுத்து வர்ற மெயில் ஒண்ணுகூட உள்ள வரக்கூடாதுன்னாரு. நான்தான் நாலு வரி கம்ப்யூட்டர் கோடு எழுதினேன். தலைப்புலயோ அனுப்புனவர் பேர்லயோ சமன் குறியும் கேள்விக்குறியும் ஒட்டி வந்தா, அத ஒதுக்கிடும். வைரஸ் மெயில் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

"அழிச்சிட்டியா?"

"இல்ல. குப்பைன்னு ஒரு ஃபோல்டர். மாசா மாசம் அத சிடில போட்டு பீரோல வெப்பேன்."

"குப்பைய சிடி போட்டு பீரோல பூட்டுற ஆள நான் இப்பத்தான் பாக்குறேன்" என்றான் ஆபித்.

"அதுக்காக அந்தத் தம்பிய ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும்" என்றாள் ஹெப்சி. "எல்லா சிடியையும் எடுத்துப் போடு. போன வருஷம் கடைசி மாசத்த விட்டுடாத."

*

திரையில் வந்ததைப் பார்த்து ரஷீத் அஹமது கையை உதறினார். "பாருங்க. இதான் வைரஸ். இல்லன்னா ஏதோ ரகசிய பாஷ. யாரோ என் கலர் ஃபார்முலாவ வெளிய அனுப்புறானோன்னு அன்னிக்கே சந்தேகப்பட்டேன்."

அவரைக் குறை சொல்ல முடியாது. தலைப்பு இருக்க வேண்டிய இடத்தில் இப்படித்தான் இருந்தது:

=?utf-8?B?4K6q4K+B4K6z4K+L

அதற்கு மேலும் அதே மாதிரி நீளமாக ஓடியது. ஆபித் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணைச் சுருக்கினான்.

"மேடம், பூனை கீபோர்டு மேல நடந்தாகூட இவ்ளோ ஒழுங்கா நடக்காது. நாலு எழுத்துக்கு ஒரு தடவ 4K, 4Kன்னு வருது பாருங்க."

"அதேதான். கண்ணு இருக்கு ஒனக்கு." ஹெப்சி முதலாளியின் பக்கம் திரும்பினாள். "சாயபு, இது ரகசியமும் இல்ல, வைரசும் இல்ல. பச்சத் தோல தூரத்துக்கு அனுப்புறப்ப இன்னா பண்ணுவீங்க?"

"உப்பு போட்டு அனுப்புவோம். இல்லன்னா அழுகிப்போவும்."

"வந்ததும்?"

"ஊற வெச்சி உப்ப எடுப்போம்."

"மெயில் போற பாதை இங்கிலீஷ்காரன் போட்டது. தலைப்புலயும் பேர்லயும் வேற எழுத்து வந்தா வழியில கெட்டுப்போவும். அதனால கம்ப்யூட்டர் அதுவா உப்பு போட்டு அனுப்பும். அந்தச் சமன் குறியும் கேள்விக்குறியும் உப்பு மூட்டையோட கட்டு. மூட்டை மேலயே எந்த முறையில உப்பு போட்டிருக்குன்னு எழுதியிருக்கு. உள்ள இருக்கிற தமிழ் எழுத்து ஒவ்வொண்ணும் 4Kன்னுதான் ஆரம்பிக்கும். ஒங்க யாசிர் உப்பு மூட்டையப் பாத்துட்டு வெஷம்னு வெளிய தள்ளிட்டான். நான் ஊற வெக்கிறேன்."

அவள் தட்டச்சு செய்யத் தொடங்கினாள். யாசிர் பின்னால் நின்று ஒவ்வொரு வரியாகப் பார்த்தான். முதலில் சும்மா சோதித்துப் பார்க்க ஜெர்மனிக்காரரின் பெயரை எடுத்தாள். உப்பு கழன்று, இரண்டு புள்ளிகளோடு யோர்க் வந்து நின்றார். ஒன்றல்ல, வரிசையாக வந்தார். ஏன் பதில் இல்லை, உடம்பு சரியில்லையா, என் மேல் கோபமா, என்ன தவறு செய்தேன் என்று இரண்டு வருடம் கேட்டிருந்தார்.

"அடப்பாவி யோர்க்" என்று ரஷீத் அஹமது சிரித்தார். சிரிக்கும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆபித்தும் சிரித்தான். அந்த அறையில் அன்றைக்குக் கடைசியாகக் கேட்ட சிரிப்பு அதுதான்.

அடுத்தது ஜெர்சனின் மெயில். தலைப்பு உடனே வந்துவிட்டது: "புளோயர் பற்றி, முதலாளி மட்டும் படிக்கவும்."

பக்கத்துக் கட்டடத்தில் தோல் ஊறும் மர டிரம் உருளும் சத்தம் கேட்டது.

கூடவே ஒரு படம் இணைக்கப்பட்டிருந்தது. அதன் பெயர்தான் தகராறு செய்தது. நீளமான பெயர் என்பதால் கம்ப்யூட்டர் அதைத் துண்டு துண்டாக வெட்டி, பூஜ்யம், ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டு, ஒவ்வொன்றையும் சதவீதக் குறிகளால் நிரப்பியிருந்தது. பூஜ்யத் துண்டின் தொடக்கத்தில், இரண்டு மேற்கோள் குறிகளுக்கு நடுவே, ta என்று இரண்டே எழுத்து. இது தமிழ் என்று பெயர்ச் சீட்டு ஒட்டி அனுப்பியிருந்தது மெஷின். படிக்கத்தான் ஆளில்லை.

ஹெப்சியின் கோடு ஒவ்வொரு துண்டாகப் பிரித்தது. பாதி எழுத்துகள் தமிழாகவும், வெட்டு விழுந்த இடங்களெல்லாம் கறுப்புக் கட்டங்களாகவும் வந்தன. அவள் உதட்டைக் கடித்தாள்.

"மேடம், ஷூ கம்பெனில கட்டிங் செக்‌ஷன் பாத்திருக்கீங்களா?" என்றான் ஆபித். "துண்டு துண்டாதான் வெட்டுவான், நம்பரும் போடுவான். ஆனா துண்டுக்குத் துண்டு பாலிஷ் போட மாட்டான். நம்பர்படி தெச்சதுக்கு அப்புறம்தான் பாலிஷ். நீங்க மொதல்லயே பாலிஷ் போடுறீங்க."

ஹெப்சி அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு இரண்டு வரிகளை மேலும் கீழுமாக மாற்றினாள். முதலில் ஒட்டு, அப்புறம் தமிழாக்கு. பெயர் முழுசாக வந்தது.

"தொட்டி புளோயர் ஓடவில்லை வாஹித் பாஷாவை இறக்காதீர்கள்."

படத்தின் பெயரே அதுதான். மெயிலைத் திறக்க நேரமில்லாவிட்டாலும் பெயரையாவது முதலாளி பார்ப்பார் என்று அந்த மனிதர் நினைத்திருக்கிறார். படத்தில் பெல்ட் அறுந்து தொங்கும் புளோயர் இருந்தது. பக்கத்துச் சுவரில் படம் எடுத்தவரின் நிழல் விழுந்திருந்தது.

ரஷீத் அஹமது நாற்காலியை நகர்த்தித் திரைக்குப் பக்கத்தில் வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உதடு அசைய, மெயிலை ஒவ்வொரு வார்த்தையாகக் கீழே வரை படித்தார். முடித்ததும் மறுபடி மேலே போனார்.

"எனக்குத் தமிழ் நல்லா படிக்க வரும்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. "முனிசிபல் ஸ்கூல்ல படிச்சவன் நான். நான் படிச்சிருப்பேனே."

யாசிர் சிடி உறையை மேஜையில் வைத்தான். "நாலு வரி மாமு. நாலே நாலு வரிதான் எழுதினேன்."

"நான் சொல்லித்தானடா எழுதின."

ஹெப்சி எழுந்தாள். ஆறுதல் சொல்வாள் என்று ஆபித் எதிர்பார்த்தான். அவள் சொல்லவில்லை. "சாயபு, மெயில் வரலன்றது சரி. தொட்டில ஆள எறக்குறதுக்கு முன்னாடி புளோயர் ஓடுதான்னு போய்ப் பாக்கிறதுக்கு மெயில் எதுக்கு? கம்பெனில இத்தன பேர் இருந்தீங்க."

முதலாளி ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். ஜெர்சன் எழுதித்தான் இருந்தார், நாங்கள்தான் படிக்கவில்லை என்று தமிழிலேயே எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

*

ரயில்வே கேட் மூடியிருந்தது. ஆபித் எஞ்சினை அணைத்தான். கேஸ் ஜெயித்தால் ஹெப்சி வழக்கமாக ஜன்னலை இறக்கிவிட்டுக் கீர்த்தனை முணுமுணுப்பாள். இன்று மடியில் கிடந்த பிரிண்டை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"திருடனே இல்லாத கேசுல உண்மைய கண்டுபிடிச்சிட்டோம் மேடம். கிரேஸி டீச்சர் இனிமே தல நிமுந்து நடக்கலாம். அப்புறம் ஏன் இப்படி இருக்கீங்க?"

"கடைசி பாரா படி."

அவன் வாங்கிப் படித்தான். "நான் எப்போதும் இங்கிலீஷில் எழுதி மேனேஜரிடம் கொடுத்துத் திருத்தி அனுப்புவது உங்களுக்குத் தெரியும். இதை அவரிடம் கொடுத்தால் மாற்றிவிடுவார். தமிழில் எழுதுங்கள், முதலாளியே நேராகப் படிப்பார் என்று என் மனைவி கிரேஸி சொன்னாள். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்க அவள்தான் கற்றுக்கொடுத்தாள். பிழை இருந்தால் மன்னிக்கவும்."

சரக்கு ரயில் ஒன்று போய்க்கொண்டே இருந்தது. ஆபித் பாஷா இரண்டாம் முறை படிக்கவில்லை. ஒரு முறையே போதுமாக இருந்தது. இங்கிலீஷில் தப்பும் தவறுமாக எழுதியிருந்தால்கூட அந்த மெயில் ட்ரேயில் வந்து விழுந்திருக்கும். இத்தாலிக்கு ஃபேக்ஸ் போயிருக்கும்.

"மேடம்," என்றான் மெதுவாக. "ஒரே ஒரு பாராதான். கம்ப்யூட்டர்ல எடுத்துட்டு வேற பிரிண்ட் போட்டுக்கலாம். யாருக்குத் தெரியப்போவுது?"

"நமக்குத் தெரியும். ஒரு பாராவ எடுத்துட்டா அது ஜெர்சன் எழுதினது இல்ல, நாம எழுதினது. அதக் கொண்டுபோயா அந்தம்மா இன்னொரு வீட்டு வாசல்ல நிக்கணும்?"

"அவங்க செத்துப்போய்டுவாங்க மேடம்."

ஹெப்சி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் அழுதாள். இத்தனை வருடத்தில் ஆபித் அதை இப்போதுதான் பார்த்தான். கேட் திறந்ததும் பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரன் அடித்துத் திட்டினான். ஆபித் வழக்கமாகத் திருப்பித் திட்டுவான். இன்று பேசாமல் வண்டியை எடுத்தான்.

*

ஆம்பூரின் பெத்லகேம் பகுதியில் கிரேஸியின் வீடு. அவள் ஸ்கூலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள், புடவையில் சாக்பீஸ் தூள் இருந்தது. பிரிண்டை இரண்டு கையாலும் வாங்கினாள். தலைப்பைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்ததை ஆபித் பார்த்தான். பார்த்திருக்க வேண்டாம் என்று தோன்றியது.

"எழுதியிருக்காரு" என்றாள். "நான் சொன்னேன்ல மேடம், எழுதியிருக்காரு. ஒற்றுப் பிழை ஒண்ணுகூட விடல, பாருங்க."

அப்புறம் கீழே போனாள். கடைசிப் பாராவில் அவள் கண் நின்றது. அதைப் படித்தும் அவள் முகம் மாறவில்லை. கணவர் தன் பெயரை எழுதியிருக்கிறார் என்ற சந்தோஷம்தான் அதில் இருந்தது. நிமிர்ந்து அவள் கேட்ட கேள்வி, யாரும் கேட்டிருக்கக்கூடியதுதான்.

"இவ்ளோ தெளிவா இருக்கே. ஏன் மேடம் அவங்க படிக்கல?"

ஆபித் தரையைப் பார்த்தான். ஹெப்சி ஒரு நொடிதான் தயங்கினாள். பிறகு, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல், தமிழ் எழுத்து எப்படி மூட்டை கட்டிப் போகும், யாசிரின் நாலு வரி அதை எப்படித் தள்ளியது, இங்கிலீஷ் மெயில்கள் எப்படி ட்ரேக்கு வந்தன என்று சொன்னாள். கிரேஸி டீச்சர் பாடம் கேட்கும் மாணவி மாதிரி கவனமாகக் கேட்டாள். நடுவில் ஒரு இடத்தில் அவள் கை பிரிண்டின் ஓரத்தை மடித்தது. மறுபடி நீவிவிட்டது.

"அப்ப, இங்கிலீஷ்ல எழுதியிருந்தா போய்ச் சேந்திருக்கும்."

"ஆமா."

"அவரு இங்கிலீஷ்லதான் ஆரம்பிச்சாரு மேடம். பாதி எழுதிட்டாரு. நான்தான் அழிக்கச் சொன்னேன்."

"ஒங்க மேல தப்பு இல்ல டீச்சர்" என்றான் ஆபித். "நீங்க சரியாத்தான் சொன்னீங்க. மொதலாளிக்குத் தமிழ் தெரியும். அவரே சொன்னாரு."

"தப்பு யாரு மேலன்னு நான் கேக்கல தம்பி. என் தமிழ நம்பி அன்னிக்கு ராத்திரி நல்லா தூங்கினாரே, அத நெனைக்கிறேன்."

அதற்குப் பிறகு அவள் அழுதாள். சத்தம் வராமல், வாயில் முந்தானையை வைத்து அழுதாள். ஹெப்சி பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகில் கை வைத்திருந்தாள். பிறகு கிரேஸி எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

"வாஹித் வீட்டுக்குப் போலாம்."

"இன்னிக்கே வேணாம்" என்றாள் ஹெப்சி. "அந்தக் கடைசி பாராவ அவங்ககிட்ட படிக்கணும்னு கட்டாயம் இல்ல. அவங்களுக்குத் தமிழ் பேசத்தான் தெரியும், படிக்கத் தெரியாது. நீங்க எதப் படிக்கிறீங்களோ அதுதான் அவங்களுக்கு."

கிரேஸி செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

*

வாஹித்தின் அம்மா அன்வரி பேகம் கதவைத் திறந்து, கிரேஸியைப் பார்த்ததும் சாத்தப் போனாள். ஆபித் குறுக்கே கை நீட்டி உருதில் சொன்னான், இந்தம்மா கையில் ஒரு கடிதம் இருக்கிறது, ஜெர்சன் உயிரோடு இருக்கும்போது உங்கள் பிள்ளைக்காக எழுதியது, கேட்டுவிட்டுச் சாத்திக்கொள்ளுங்கள். கதவு அப்படியே பாதியில் நின்றது. உள்ளே வரச் சொல்லவில்லை. கிரேஸி வாசற்படிக்கு வெளியே நின்றபடியே படித்தாள்.

"பெரிய தொட்டியின் புளோயர் பெல்ட் அறுந்துவிட்டது. மேலே நின்றாலே கண் எரிகிறது. மேனேஜரிடம் சொன்னேன், ஆளை வைத்து அள்ளிவிடலாம் என்கிறார். வாஹித் பாஷாவை இறக்கப் போகிறார்கள். அவன் சின்னப் பையன், வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவன், சிரித்துக்கொண்டே இறங்கிவிடுவான். என் வீட்டில் சாப்பிட்டால் தட்டைக் கழுவி வைத்துவிட்டுத்தான் போவான். அவன் அம்மாவுக்கு அவன் ஒருவன்தான். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் நிறுத்திவிடுவார்கள். தயவுசெய்து சொல்லுங்கள்."

அன்வரி பேகத்தின் கை கதவிலிருந்து நழுவியது.

கிரேஸி அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்திவிடு தாயே என்று ஆபித் மனசுக்குள் கெஞ்சினான். அவள் நிறுத்தவில்லை. கடைசிப் பாராவையும் அதே குரலில், ஸ்கூலில் படிப்பதைப் போலத் தெளிவாக, தன் பெயர் வந்த இடத்தில்கூடத் தடுமாறாமல் படித்து முடித்தாள். பிறகு காகிதத்தைக் கீழே இறக்கினாள்.

"தமிழ்ல எழுதினதாலதான்மா இது மொதலாளி கைக்குப் போவல. கம்ப்யூட்டர் குப்பைல தள்ளிடுச்சி. இங்கிலீஷ்ல எழுதியிருந்தா போயிருக்கும். ஒங்க வாஹித் இருந்திருப்பான். தமிழ்ல எழுதச் சொன்னது நான். அத மறைச்சிட்டு ஒங்க முன்னாடி நிக்க எனக்கு மனசு வரல."

தெருவில் ஒரு தள்ளுவண்டிக்காரன் கூவிக்கொண்டு போனான். அன்வரி பேகம் கிரேஸியை வெகுநேரம் பார்த்தாள். திட்டப் போகிறாள், அல்லது மறுபடி கதவைச் சாத்தப் போகிறாள் என்று ஆபித் பயந்தான். அந்த அம்மா இரண்டும் செய்யவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த இடத்தைக் கையால் துடைத்தாள். கிரேஸி போய் அதில் உட்கார்ந்தாள்.

"தட்டு கழுவுவான்னு எழுதியிருக்காரே, அந்த எடம்" என்றாள் அன்வரி பேகம். "அத இன்னொரு தடவ படி."